சாமி படத்தோடு வந்த மருதையன்

என் தம்பி மருதையன் மலேசியாவிலிருந்து வருகிறான் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் திருச்சி ஏர்போர்ட்டில் வேலை வந்துவிடும். அவனை அழைத்து வர ஒரு ஆள் போதும். ஆனால் வேன் நிறையப் போவார்கள். பிள்ளைகளுக்கு ப்ளேன் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு அப்படியே சமயபுரம் வரை போய்க் கும்பிட வேண்டும். பெண்டுகளுக்குக் கோடாலித் தைலம் யார் கைக்கு முதலில் போகிறது என்று காவல் இருக்க வேண்டும். அவனைப் பார்க்கவென்றும் ஒன்றிரண்டு பேர் வருவார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் புரட்டாசியிலும் அப்படித்தான். வேன் பிடித்தது எங்கள் சித்தப்பா மகன் வைத்தியலிங்கம். அவன் பெண்டாட்டி மங்களாம்பிகை என்னைக் கடைசி சீட்டில் உட்கார வைத்தாள். ஏர்போர்ட்டில் இறங்கியதும் தூரத்தில் இருந்த ஒரு தூணைக் காட்டினாள்.

"அண்ணி, நீங்க அங்க போய் நில்லுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. கடல் தாண்டி வர்ற மனுசன், மொதல்ல வந்து..."

"மொதல்ல முண்டச்சி மொகத்துல முழிக்கக் கூடாது. அதானே? வாய்விட்டுச் சொல்லேன். என் புருசன் செத்தது எனக்கும் தெரியும்."

சொல்லிவிட்டுத் தூணோரம் போய் நின்றேன். நிழலாகத்தான் இருந்தது. மருதையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். வேன் கூட்டம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தான். நேராகத் தூணுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். மங்களாம்பிகை முகம் போன போக்கை நான் இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

பிடித்த கையை அவன் விடவே இல்லை. பயம். அதன் காரணம் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் அவன் ஒரு மாத லீவில் வந்திருக்கிறான் என்று நினைத்தார்கள். அவன் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்திருந்தான். போன வாரம் போனில் என்னிடம் சொன்னான். பெண்டாட்டி நீலாம்பாளிடம் சொல்லவில்லை. நேரில் வந்து தன் வாயால் சொல்வதாக எண்ணம்.

நீலாம்பாள் லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த கையோடு அவன் மலேசியா போனான். அங்கே சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிற வேலை. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை வந்து போவான். இங்கே குத்தகை நிலத்தைப் பிடித்து உழுது, மாடு கட்டி, கூரை வீட்டைக் காரை வீடாக்கி, மகளைத் திருவாரூரில் கட்டிக்கொடுத்து எல்லாம் அவள்தான். பணம் அவனுடையது, முதுகு அவளுடையது. போன தடவை அவன் லீவில் வந்திருந்தபோது, நடவு ஆட்களோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே அவன் காதுபடச் சொன்னாள்: "ஒரு மாசம்னா விருந்தாளி. அடுத்த மாசமும் இருந்தாருன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்." எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். ஆனால் அதை அப்படியே மலேசியாவுக்குக் கொண்டுபோய்விட்டான்.

அன்றைக்கு வயலில் நாற்றுப் பறிப்பும் நடவும். அதனால் நீலாம்பாள் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை.

பெட்டிகளை வேனில் ஏற்றினார்கள். வழக்கத்தை விட அதிகமாக இருந்தன. என் சீட்டில் ஒரு பெட்டி. அதன் மேல் இன்னொன்று. கடைசியில் பார்த்தால் எனக்கும் இடமில்லை, வந்தவனுக்கும் இடமில்லை.

"அக்கா, நீ பஸ்ஸுல வந்துடேன். ஒனக்குத்தான் டவுன் பஸ்ஸு ஃப்ரீயாச்சே" என்றான் வைத்தியலிங்கம். "தம்பி, நீ டிரைவர் பக்கத்துல இடிச்சுக்கிட்டு ஒக்காரு."

"இல்லண்ணே, நான் அக்காவோட வர்றேன்" என்றான் மருதையன். அவசர அவசரமாகச் சொன்னான். அழைத்து வரப்போன ஆளை விட்டுவிட்டு, பெட்டியை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியது. எங்கள் ஆட்கள் அப்படித்தான். யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

தஞ்சாவூர் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை ஜன்னலோரம் அவருக்குத்தான். அவர் போனதில் எனக்குக் கிடைத்த சொத்து அது ஒன்று.

"ஏன்டா விட்டுட்டு வந்த? மொதலாளி ஏதும் சொன்னாரா?"

"தங்கமான மனுசன்க்கா. ஒண்ணும் சொல்லல."

"பின்ன?"

"ராத்திரியில தூங்கணும்க்கா. அவ்வளவுதான்."

அந்தக் கடைக்குக் கதவே கிடையாதாம். பூட்டினால்தானே கதவு. அங்கே போன நாளிலிருந்து இவனுக்கு ராத்திரி முறை. விடிய விடிய மாவை வீசி வீசி, வலது தோள் மட்டும் பயில்வான் தோள் மாதிரி இருக்கும். இடது தோள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கும்.

"அக்கா, நீயே நீலாகிட்ட சொல்லிடேன்."

"தாலி கட்டுனது நீயா நானா?"

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"வாயத் தொறந்துதான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தான். "நீலா, நான் இனிமே..." மறுபடி ஆரம்பித்தான். "நீலா, நான் இனிமே..." முன் சீட்டில் இருந்த மனிதர் திரும்பிவிட்டார்.

"இனிமே என்னங்க? செங்கிப்பட்டியிலேர்ந்து கேட்டுக்கிட்டு வர்றேன், முடிக்க மாட்டேங்குறீங்களே!"

தஞ்சாவூரில் இறங்கியதும் டீ குடிக்கலாம் என்றான். குடித்தோம். பசிக்கிறது என்றான். தின்றோம். சவரம் செய்துகொள்கிறேன் என்று கடைக்குள் போய் நாற்காலியில் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே போய் அதட்டி எழுப்பினேன். அப்புறம் பூ வாங்க வேண்டுமாம். கதம்பம் வாங்கி, கட்டு தளர்ச்சியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்து, வேறு வாங்கினான். பூ வாங்கத் தெரிந்தவன் மாதிரி.

அப்போது என் இடுப்பில் இருந்த போன் அடித்தது. நீலாம்பாள்.

"அண்ணி, பக்கத்துல இருக்காரா?"

"இருக்கான். மாப்பிள்ள கணக்கா சவரம் பண்ணிக்கிட்டுப் பூவோட நிக்கிறான்."

"வேன்ல வர்றப்ப மங்களம் தைலம் தேடிப் பொட்டியத் தொறந்துருக்கா. தலவாணி இருக்காம். சோறாக்குற குக்கரு இருக்காம். அதுக்கு அடியில மாரியம்மன் படமாம், கண்ணாடிச் சட்டத்தோட. இப்பத்தான் போன் போட்டா."

லீவுக்கு வருகிறவன் சோப்பு கொண்டு வருவான், பிஸ்கட் டின் கொண்டு வருவான். தங்கியிருக்கிற அறையின் சுவரிலிருந்து சாமி படத்தைக் கழற்றிக்கொண்டு எவன் வருவான்? திரும்பிப் போகாதவன்தான் வருவான். எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் வேண்டாம்.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவேணாம். நேரா வயலுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

அம்மாபேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில் மருதையன், "இந்த ஆட்டோ கொஞ்சம் மெதுவாப் போகாதா?" என்று கேட்டான்.

நீலாம்பாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். புடவைக்கு மேல் இவனுடைய பழைய சட்டை, முழங்கால் வரை சேறு. பின்னால் நடவுப் பெண்கள் குனிந்திருந்தார்கள். கை நட்டுக்கொண்டிருந்தது, காதெல்லாம் வரப்பில்தான் இருந்தது.

"யாரு வந்துருக்கா?" என்றாள்.

"நான்தான் நீலா."

"அது தெரியுது. ஒரு மாசத்துக்கு வந்த ஆளா, வேற ஆளா?"

திருச்சியிலிருந்து சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கே போனதோ, அவன் பூவை நீட்டினான்.

"பூவ எதுல வாங்குறது? ரெண்டு கையிலயும் சேறு."

"இனிமே போகல நீலா."

"அத மங்களம் சொல்லிட்டா. வேன் டிரைவரு சொல்லிட்டாரு. நீங்க மூணாவது ஆளு."

எனக்குப் பாவமாக இருந்தது. "விடு நீலா. போன வாரம் எங்கிட்ட சொன்னப்பவே ஒன்ன நெனச்சு நடுங்குனான்" என்றேன். உதவி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"போன வாரமா?" அவள் இவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வாரம் பூரா எங்க வீட்டுல வந்து மோரு வாங்கிக் குடிச்சீங்களே அண்ணி, அப்ப வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"மோருதான்" என்றேன்.

நடவுப் பெண்கள் குனிந்தபடியே குலுங்கினார்கள். நீலாம்பாள் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தே கேட்டாள்.

"வேல போயிடுச்சா?"

"இல்ல."

"ஒடம்புக்கு ஏதும்?"

"இல்ல. ராத்திரியில தூங்கணும்."

அவள் அவனுடைய வலது தோளைப் பார்த்தாள். "தெனம் போன்ல சாப்டீங்களான்னு கேட்டேன். தூங்குனீங்களான்னு ஒருநாள் கேக்கல" என்று சேற்றைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் குரல் மாறிவிட்டது. "அதுக்காக? கட்டுனவகிட்ட சொல்லாம வர்றதா?"

"நீ ஒங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னியே."

"எங்கம்மா செத்துத் தெவசமே குடுத்தாச்சு. எங்க போறது நான்?"

இப்போது பெண்கள் நிமிர்ந்தே சிரித்தார்கள். அவள் அவர்களை முறைத்துவிட்டு, சேற்று விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"இங்க பாருங்க. நான் இருட்டோட எந்திரிக்கிறவ. லைட்டப் போடுவேன், பாத்திரத்த உருட்டுவேன். மூஞ்சியச் சுளிக்கக் கூடாது."

"சரி."

"மலேசியாவுல அப்படி, மலேசியாவுல இப்படின்னு எங்கிட்ட பேசக் கூடாது."

"சரி."

"வயல்ல நான் சொல்றதுதான். வெதைக்கிறதா, நடுறதா, மிஷினு வைக்கிறதா, எல்லாம் நான்தான். ஆம்பளன்னு வரப்புல கையக் கட்டிக்கிட்டு நின்னா, பொட்டியத் திருப்பி வேன்ல ஏத்திடுவேன்."

"சரி நீலா."

"அப்ப எறங்குங்க. நாத்து முடி தூக்க ஆளு பத்தல."

ப்ளேனில் வந்த பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுப் பூவை என் கையில் திணித்தான். இறங்கின இடத்திலேயே ஒரு கால் புதைந்து உட்கார்ந்துவிட்டான். அவள்தான் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். நாற்று முடிகளை எடுத்து வீசச் சொன்னாள். அவனுக்கு வீசத் தெரியும் என்பதில் சந்தேகமே இல்லை. முதல் முடி நடவு ஆட்களைத் தாண்டி, அடுத்த வயலையும் தாண்டி, வாய்க்காலில் போய் விழுந்தது.

"அய்யய்ய! இது மாவு இல்ல. காலடியில போடுங்க, காலடியில!"

அந்த நேரம் பார்த்து, அடுத்த கொல்லைக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நடவுக்காரி தங்கமணி திரும்பி வந்தாள். இதுவரை நடந்த பேச்சு எதுவும் அவள் காதில் விழவில்லை. சேற்றில் தத்தளிக்கிற மருதையனைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"அட, மலேசியா அண்ணனா? எப்ப வந்தீங்க? திரும்ப எப்பப் போறீங்க?"

அவன் நிமிர்ந்து பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான்.

"அவரு எங்கயும் போகல" என்றாள் நீலாம்பாள். "இன்னும் மூணு மா நெலம் கெடக்கு. பேசாம நடு."