வலென்சியாப் பயணத்துக்கு நான் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் தமிழ் மட்டும். போட்டவன் நான். மகள் நடை பழகிய காலத்திலேயே போட்டுவிட்டேன். நாங்கள் குடியேறியது இத்தாலியில். இத்தாலியன் மொழி பள்ளிக்கூடத்தில் தானாக வந்துவிடும், தமிழை நாங்கள் விட்டால் போய்விடும் என்ற பயம்தான் காரணம். அதனால் அவள் முன்னால் நான் இத்தாலியன் பேசியதே இல்லை. சந்தையில் மீன் வாங்க விரல்களும் விலைகளும் போதும். விசா புதுப்பிக்க கெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போனால் அவள்தான் கதைப்பாள், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

இதிலிருந்து அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: அப்பாவுக்கு இத்தாலியன் விளங்காது. நான் அதைத் திருத்தப் போகவில்லை. மொண்டெல்லோவில் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் அடுப்போடு வருடக்கணக்காக நிற்கிறவனுக்கு விளங்காமல் எங்கே போவது? பேசவும் வரும். ஆனால் வருவது குசினிச் சிசிலியன், இந்த ஊர்க் கொச்சை, பாதிச் சொற்கள் படித்தவர்கள் முன்னால் வாயில் எடுக்கக் கூடாதவை. அதோடு, அவள் கதைப்பதைப் பக்கத்தில் நின்று கேட்பது எனக்குப் பிடிக்கும். அத்தனை அழகான இத்தாலியன்.

சென்ற ஆண்டு அவளுடைய வகுப்பை ஸ்பெயினிலுள்ள வலென்சியாவுக்குக் கூட்டிப் போவதென்று பள்ளிக்கூடத்தில் பேச்சு எழுந்தது. சும்மா சுற்றுலா இல்லையாம். கணிதம், விஞ்ஞானம், சரித்திரம், ஸ்பானிய மொழி எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் சேர்த்துக் கட்டி, அந்த ஊரையே வகுப்பறையாக்கப் போகிறார்களாம். மகள் இதைச் சொன்னபோது முன்னாலிருந்த சாப்பாட்டைத் தொடவே இல்லை. நான் "பாப்பம்" என்றேன். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும்.

எனக்குப் பயம், அவ்வளவுதான். பதினாறு வயதுப் பெண் பிள்ளை, முன்பின் தெரியாத ஊர், நாலைந்து இரவு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது எங்கள் தமிழ் ஆட்கள் என்ன கதைப்பார்கள் என்பதும் அந்தப் பயத்துக்குள் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பயணத்தைத் திட்டமிடப் பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். மனைவி லிபெர்த்தா தெருவில் ஒரு சிஞ்ஞோராவை, தனியாக இருக்கும் இத்தாலிய மூதாட்டியை, பார்த்துக்கொள்கிறாள். "இஞ்சரப்பா, எனக்கு மனிசியைத் தனிய விட்டிட்டு வரேலாது. ஓமோ இல்லையோ, நீங்களே போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். எனவே, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, மொழிபெயர்க்க மகளையும் கூட்டிக்கொண்டு, இல்லை என்று சொல்லப் போனேன்.

பிள்ளைகள் இருக்கும் சின்னக் கதிரைகளில் பெற்றோர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். சிசிலியன் தாய்மாருக்கு ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசும் பழக்கம் கிடையாது. சாப்பாடு என்ன, சூட்கேஸ் எத்தனை கிலோ, மழை பெய்தால் என்ன செய்வது என்று ஒரே இரைச்சல். அது கொஞ்சம் அடங்கியதும் நான் மகளின் முழங்கையில் தட்டினேன்.

"கேள் பிள்ளை. பெட்டையள் எங்கை படுக்கிறது? பெடியளும் அதே மாடியோ? இரவிலை ஆர் பாக்கிறது?"

மகள் எழுந்தாள். தொண்டையைச் செருமினாள். பிறகு, அந்த அழகான இத்தாலியனில், "இந்தப் பயணத்தில் ஒவ்வொரு பாடமும் எப்படி இடம்பெறும் என்று அறிய என் தந்தை விரும்புகிறார்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் பச்சைப் பொய்! எழுந்து கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் ஆசிரியர்களின் முகங்களைப் பார்க்க வேண்டுமே. பாடத்தைப் பற்றி ஒரு தகப்பன் கேட்டுவிட்டான்! சூட்கேஸ் கேள்விகளில் வாடிப்போயிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பயணத்துக்குப் பொறுப்பான ஸ்பானிய மொழி ஆசிரியை என்னைப் பார்த்துக் கைகூப்பாத குறை.

முதலில் கணித ஆசிரியர் பாய்ந்து எழுந்தார். வலென்சியாவில் ஒரு புதுக் கட்டடத்தின் கூரை எப்படி வளைகிறது, பிள்ளைகள் அதை அளந்து எப்படிச் சமன்பாடு எழுதுவார்கள் என்று பலகையில் பெரிய வளைவொன்று வரைந்து காட்டினார்.

"பெட்டையளுக்குத் தனி மாடியாம், அப்பா" என்று மகள் என் காதில் சொன்னாள். "ரீச்சர் பக்கத்து அறையிலைதானாம்."

"அப்ப அவர் கீறுறது என்ன?"

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஹோட்டல் வாசல்."

சிரிப்பை அடக்க நான் இரும வேண்டியதாயிற்று. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு கெட்டித்தனம் யாரிடமிருந்து வந்தது என்று உள்ளுக்குள் பெருமைகூடத் தலைகாட்டியது, அதை நினைத்து என்மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்து சரித்திர ஆசிரியை பேசினார். மெலிந்த, சத்தம் உயர்த்தாத பெண். அந்த ஊரில் பெரிய தேவாலயத்தின் கதவடியில் வியாழன்தோறும் நண்பகலில் ஒரு நீதிமன்றம் கூடுகிறதாம். வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை பிடிக்கும் விவசாயிகளுக்கு மட்டுமான நீதிமன்றம். நீதிபதிகளும் விவசாயிகள்தான். வழக்கறிஞர் இல்லை, எழுத்து இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. அங்கேயே தீர்ப்பு. பல நூறு ஆண்டுகளாக நடக்கிறதாம்.

நான் முன்னால் சாய்ந்துவிட்டேன். நான் பிறந்த தீவில் பங்குக் கிணற்றில் இறைக்கும் முறை தவறிப்போனதற்காக இரண்டு குடும்பங்கள் தலைமுறையாகக் கதைக்காமல், கோயிலிலும் ஆளுக்கொரு பக்கம் இருந்தது எனக்குத் தெரியும். அதில் ஒரு குடும்பம் எங்களுடையது. குற்றவாளி தீர்ப்பை ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வார்கள்? யார் முதலில் பேசுவது? கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் என் குட்டு உடைந்துவிடும்.

"என்னவாம்?" என்றேன் மகளிடம், ஏதாவது சொல்வாள் என்ற ஆசையில்.

"பத்து மணிக்குப் பிறகு ஒருத்தரும் அறையை விட்டு வெளிக்கிடேலாதாம்" என்றாள்.

அப்போதுதான் விஞ்ஞான ஆசிரியர் குறுக்கே விழுந்தார். வியாழன் நண்பகலில் பிள்ளைகளைக் கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலைக்குக் கூட்டிப் போகத் தான் ஏற்கெனவே பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். வேறு நேரம் கிடையாதாம். சரித்திர ஆசிரியை விடவில்லை. மீனை மொண்டெல்லோவிலும் பார்க்கலாம் என்றார். பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தத் தொடங்கினார்கள். ஸ்பானிய ஆசிரியை மேசையில் தட்டி எல்லோரையும் அடக்கிவிட்டு, என் பக்கம் திரும்பினார். பாடங்களைப் பற்றி யோசித்த ஒரே தகப்பன் நீங்கள்தான், வியாழனுக்கு எதை வைப்பது, நீங்களே சொல்லுங்கள் என்று மெதுவாக, கைகளால் காட்டிக் காட்டிக் கேட்டார்.

அறை முழுக்க என்னைப் பார்த்தது. மகளையும் பார்த்தது. இந்தத் தடவை அவளுக்கு உடனே பொய் வரவில்லை. கையிலிருந்த பேனா மூடியைத் திருகினாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

"அப்பா, என்னை விடுவீங்களோ எண்டு கேக்கினம்."

அவளை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததில்லை. கெட்டித்தனமெல்லாம் உதிர்ந்துபோய் வெறும் ஆசை மட்டும் மிஞ்சியிருந்தது. எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஒரு பக்கம் இத்தாலியனில் ஒரு கேள்வி, மறு பக்கம் தமிழில் ஒரு கேள்வி. நான் எழுந்து நின்றேன்.

"வியாழக்கிழமை தண்ணீர் வழக்குக்குப் போகட்டும்" என்று என் குசினி இத்தாலியனில் சொன்னேன். "சண்டை பிடிக்கிற ஆட்கள் எப்படிச் சமாதானமாகிறார்கள் என்று என் மகள் பார்த்து வந்து எனக்குச் சொல்ல வேண்டும்."

பின்வரிசையில் ஒரு தகப்பன், "இவர் என்னைவிடச் சிசிலியன்!" என்று தொடையில் அடித்துச் சிரித்தார். சரித்திர ஆசிரியை கை தட்டினார். மகள் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். கழுத்துவரை சிவந்துபோயிருந்தது.

"உங்களுக்கு எல்லாம் விளங்கினதோ?"

"ஹோட்டல் வாசலும் விளங்கினது" என்றேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் கதிரைகளை இழுக்கும் சத்தத்துக்கு நடுவே திடீரென்று எழுந்தாள். நேரே ஸ்பானிய ஆசிரியையிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

"அப்பா முதலில் கேட்டது வேறு, நான்தான் மாற்றிச் சொன்னேன்" என்றாள். பிறகு நான் கேட்டதைக் கேட்டேவிட்டாள். பெண் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், ஆண் பிள்ளைகளும் அதே மாடியா, இரவில் யார் பார்ப்பது.

ஆசிரியை அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, விஷயத்தை மறைக்காமல் சொன்னார். நான் எதிர்பார்த்த பதில் இல்லை அது. மகள் எனக்காகக் கட்டிச் சொன்னது எவ்வளவோ நன்றாக இருந்தது.

மகள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு விளங்கிவிட்டதென்று தெரிந்தும், ஒரு சொல் விடாமல், என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"தனி மாடி இல்லையாம், அப்பா. எல்லாருக்கும் ஒரே மாடிதானாம். ஒரு கரையிலை பெட்டையள், மற்றக் கரையிலை பெடியள். நடுவிலை ரீச்சர்மார் படுப்பினமாம். எல்லாரும் நித்திரை ஆகுமட்டும் மாறி மாறிக் காவல் இருப்பினமாம். ஆனா, விடிய விடிய முழிச்சிருக்கேலாதாம். அவ்வளவுதான் அவையாலை ஏலுமாம்."

"சரி" என்றேன். "போயிட்டு வா, பிள்ளை."