கப்பல்காரரின் குறிப்பேட்டில் என் ஊர்

காலை ஏழு மணிக்கே கப்பலின் மேல்தளத்துக்கு ஏறிவிட்டேன். முந்தைய நாள் பிற்பகல் கோபன்ஹேகனில் புறப்பட்ட கப்பல், ஒஸ்லோவுக்குப் போகும் நீண்ட கடற்கழிக்குள் நுழைந்திருந்தது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நீளம் என்றார் பக்கத்தில் நின்ற பயணி. இரு புறமும் பைன் மரங்கள், சிவப்பு மர வீடுகள். ஒரு பாறையில் தூண்டிலோடு நின்றவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். ‘இந்நாட்டு மக்கள் அன்பானவர்கள்’ என்று உடனே எழுதினேன். எழுதி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே ஒரு கையசைப்பை வைத்து ஒரு நாட்டையே முடிவு செய்துவிட்டேனே!

நான் தரங்கம்பாடிக்காரி. மீன்பிடிக் குடும்பம், இப்போது பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். நானூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் கோட்டை கட்டிய டென்மார்க்–நார்வே அரசரின் கப்பல்கள் இலங்கையைச் சுற்றி எங்கள் கரைக்கு வந்தன. அவற்றில் வந்த ஓர் அதிகாரியின் பயணக் குறிப்பு அச்சில் இருக்கிறது, ஒஸ்லோ நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோபன்ஹேகனில் நடந்த ஆசிரியர் கூட்டம் வழியைத் திறந்துவிட்டது. எங்கள் கரையில் ஐரோப்பியக் கப்பல்கள் தூரத்தில்தான் நங்கூரமிடும். அலையைத் தாண்டி ஆட்களைக் கரை சேர்த்தவர்கள் எங்கள் படகுக்காரர்கள். அவர்களைப் பற்றி அவர் என்ன எழுதினார்? அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்தது ஒரே நாள்.

பத்து மணிக்குத் துறைமுகத்தில் சிவமலர் அக்கா நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இணையத்தில் நடக்கும் வாசிப்புக் குழு ஒன்றில் பழக்கமானவர். வீடு ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில், வேலை முதியோர் இல்லத்தில்.

“வாங்கோ ரீச்சர். கப்பல் ஆட்டினதோ?”

“தெரியலக்கா. சந்தோஷத்துல ஒண்ணுமே தெரியல.”

“இண்டைக்கு வேலைக்கு லீவு போட்டிட்டன். அந்தப் பழைய டேனிஷ் எனக்கு எவ்வளவு விளங்குமோ தெரியாது. முயற்சி செய்து பாப்பம்.”

நாற்பது குரோனருக்குச் சற்று மேல் ஒரு பயணச்சீட்டு. டிராமில் சோலி சதுக்கம், அங்கேதான் நூலகம். பதினொன்றரைக்குப் புத்தகம் மேசைக்கு வந்தது. தடித்த, கோணலான எழுத்துகள். அக்கா விரலை வரிக்கு வரி நகர்த்தி, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, எனக்குத் தமிழில் சொன்னார். காற்றின் திசை, கடலின் ஆழம், அன்று இறந்தவர். மறுநாளும் காற்று, ஆழம், இறந்தவர்.

“இவருக்கு நல்லாப் பயம் பிடிச்சிருக்கு, ரீச்சர். கரை தெரிஞ்ச பிறகும் திரும்பத் திரும்ப ஆழம் அளக்கிறார்.”

ஒரு மணிக்கு அக்காவின் விரல் நின்றது. “இஞ்சை பாருங்கோ!”

ட்ரங்காபரி. உடைந்து நெளிந்து போயிருந்தாலும் என் ஊர்தான். என்னை அறியாமல் கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினார்.

அடுத்த நான்கு பக்கங்களையும் மூச்சுவிடாமல் படித்தோம். கரை சேர்ந்தோம் என்று ஒரு வரி. யார் சேர்த்தார்கள் என்று இல்லை. கரையில் கூடியிருந்தவர்கள் வெறும் ‘அவர்கள்’. கறுப்பானவர்கள், நம்பத்தகுந்தவர்களா என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

“அவ்வளவு அலையில உசிரக் காப்பாத்தியிருக்காங்க. ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?” என்றேன்.

அக்கா வரியிலிருந்து விரலை எடுத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “நானும் இப்பிடித்தான் எழுதினனான். இருபது வயசிலை அகதியா வந்தநேரம் வடக்கிலை ஒரு மீன் ஃபக்டரியிலை வேலை. வீட்டுக்குக் கடிதம் எழுதேக்கை, ‘இவங்கள் எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளை, சிரிக்கத் தெரியாது’ எண்டு எழுதினன். பக்கத்திலை நிண்டு எனக்குக் கத்தி பிடிக்கப் பழக்கினவவின்ரை பேர்கூட ஒரு வருசமா எனக்குத் தெரியாது. பயத்திலை ஆக்களைத் தெரியாது ரீச்சர். ஆழம் மட்டும்தான் தெரியும்.”

“ஆனா நீங்க கோட்டை கட்டலையே அக்கா.”

“ஓம்,” என்றார். “அது சரிதான். ரெண்டும் ஒண்டில்லை.”

அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்கு மனம் லேசாகிவிட்டது. அந்த அதிகாரியின் பயம் எனக்குப் புரிந்தது. அதற்காக அவரை மன்னிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் புரிந்தது. வகுப்பில் சொல்ல எனக்கு இப்போது எவ்வளவோ இருந்தது. அனுமதி கேட்டு, அந்த நான்கு பக்கங்களையும் படமெடுத்துக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு வெளியே வந்தோம். நல்ல வெயில். டிராம் நிறுத்தத்தில் அக்கா திடீரென்று தொலைபேசியை எடுத்தார்.

“கத்தி பிடிக்கப் பழக்கின அந்த மனிசிக்கு ஒருக்கா அடிக்கப்போறன். குன்வோர் எண்டு பேர். எண்பது வயசாகுது. கதைச்சு நாலு வருசமாச்சு.”

மறுமுனையில் ஒரு கரகரத்த குரல் உரக்கச் சிரித்தது. நார்வேஜிய மொழியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் தரங்கம்பாடி என்ற சொல் கேட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

“உங்கட ஊரிலை என்ன மீன் படும் எண்டு கேக்கிறா.”

“வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, திருக்கை...”

“வஞ்சிரம் எண்டா எங்கட அறக்குளா எல்லோ?” என்று என்னிடம் உறுதி செய்துகொண்டு அக்கா மொழிபெயர்த்தார். திருக்கைக்கு மட்டும் சொல் அகப்படவில்லை. தொலைபேசியில் தெரியாது என்பதையும் மறந்து, கையை அகல விரித்து வாலையும் காட்டினார். நிறுத்தத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவழியாக அந்தப் பக்கம் விளங்கிவிட்டது.

“தாங்கள் அதைக் கடலுக்கையே திருப்பி எறிஞ்சு போடுறவையாம். நீங்கள் சாப்பிடுறனீங்களோ எண்டு கேக்கிறா!”

“எறியறதா? ஐயோ! பூண்டு நெறைய உரிச்சுப் போட்டு, புளி கரைச்சு, மொளகு தட்டிப் போட்டுக் கொழம்பு வச்சுப் பாக்கச் சொல்லுங்கக்கா!”

டிராம் வந்து நின்றது. கதவு திறந்து மூடிப் போனது. மறுமுனையில் சத்தமில்லை.

“கட் ஆயிடுச்சா?”

“இல்லை,” என்றார் அக்கா. “எழுதிறதுக்குப் பேனை எடுக்கப் போயிருக்கிறா. நிக்கச் சொன்னவ.”

நின்றோம்.