சாத்தூர்க்காரிக்குப் பிடித்த சமையல்

2006-ஆம் வருடம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ட்ரெயினியாக வேலை பார்த்தேன். பெங்களூர் ரோட்டை ஒட்டிய தெருவில், மாடியில் ஒரே அறை. அதில் நாலு பெண்கள். எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது, ஊர்தான் பெயர். நான் தென்காசி. மற்ற மூவரும் தேனி, பண்ருட்டி, சாத்தூர். கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா. தண்ணீர் மோட்டாரையும் எங்களையும் அதட்டுவதுதான் அவருக்கு முழுநேர வேலை.

சாத்தூர்தான் எனக்கு ரொம்ப நெருக்கம். ஒரு நாள் மதிய ஷிப்டுக்குக் கிளம்பினோம். கம்பெனி பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். இருவரும் கைகோத்து ரோட்டைக் கடக்கும்போது ஒரு கண்டெய்னர் லாரி அவளை அடித்துவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் அந்த இடத்திலேயே போய்விட்டாள். இதற்கு மேல் அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

அவளைச் சாத்தூருக்குக் கொண்டுபோனார்கள். ரத்த உறவு என்றால்தான் துக்கத்துக்கு லீவு என்று சொல்லிவிட்டதால் எங்களில் யாரும் போகமுடியவில்லை. ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் தின்றதெல்லாம் ரத்தத்தில் சேராதாம்! எனக்கு மட்டும் அடிபட்டதற்காக லீவு கொடுத்தார்கள். அந்த லீவில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன். அவள் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றால் முகம் வராது, லாரியின் முன்பக்கம்தான் வரும். ரோட்டுப் பக்கமே போகாமல் அறைக்குள் முடங்கிக் கிடந்தேன்.

வரும் திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேலை போனால் தென்காசிக்கு வண்டி ஏற வேண்டியதுதான். அங்கே அத்தை மகன் மாலையும் கையுமாகக் காத்திருந்தான். நல்ல பையன்தான், ஆனால் எனக்கு அப்போது கல்யாணத்தில் துளியும் விருப்பமில்லை.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து கவுன்சலிங் மேடம் ஒருவர் உன்னைப் பார்க்க வருகிறார் என்று கம்பெனியிலிருந்தே சொல்லி அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த ஒரே கவுன்சலிங், இன்ஜினியரிங் சீட்டுக்கு நடப்பது. நான் பிளஸ் டூவில் எடுத்த மார்க்குக்கு வீடு தேடி வந்து சீட் கொடுக்கிறார்களா என்று ஒரு கணம் திகைத்துத்தான் போனேன்.

மேடம் கனத்த உடம்பு. மூச்சு வாங்கியபடி மாடியேறி வந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "அப்பாடா" என்று பாயில் உட்கார்ந்தார். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எப்படிம்மா நடந்துச்சு?" என்பதுதான். அதற்கு மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருந்தேன். இவர் அதைக் கேட்கவே இல்லை.

"அதை இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் சொன்னியோ! எனக்கும் சொல்லணும்னு இல்லை. உனக்கா தோணினா சொல்லு, கேட்டுக்கறேன். அவ எப்படிப்பட்ட பொண்ணு? அதைச் சொல்லு."

"நல்ல பொண்ணு மேடம்."

"செத்தவங்க எல்லாருமே நல்லவங்கதான்மா. அவளைக் கொஞ்சம் திட்டிக் காட்டேன், பார்ப்போம்!"

இது என்னடா வம்பு என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவரும் என்னை வற்புறுத்தவில்லை. பண்ருட்டி போட்ட டீயைக் குடித்துவிட்டு, தேனியிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் தேனி, திங்கட்கிழமை சாத்தூரில் கருமாதி, எங்களால் அதற்கும் போகமுடியாது என்று சொல்லி அழுதுவிட்டாள்.

"அதுக்கென்ன, நீங்க இங்கேயே ஒரு இலை போடுங்க" என்றார் மேடம். "அவளுக்குப் பிடிச்சதைச் சமைங்க. நானும் வர்றேன்."

திங்கட்கிழமை எங்களுக்கு மதிய ஷிப்டு. காலையிலேயே தேனி யூனிபாரத்தை என் மடியில் போட்டாள். எனக்கு வேண்டாம் என்று தள்ளினேன். அப்போதுதான் வந்து சேர்ந்த மேடம், "சும்மா போட்டுக்கோ. போறதா வேணாமாங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். போட்டுக்கொண்டேன்.

இலை போட்டாயிற்று. அவளுக்கு ரொம்பப் பிடித்ததை நடுவில் வைக்கவேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

தேனி உப்புமாச் சட்டியோடு வந்தாள். "ஏ புள்ள, தள்ளுங்க. என் உப்புமான்னா அவளுக்கு உசுரு. 'இது மாதிரி எங்கயுமே தின்னதில்ல'ன்னு என்னமா சொல்லுவா!"

"அதை அவ என் பலாக்கொட்டைக் குழம்புக்கில்ல சொன்னா?" என்றாள் பண்ருட்டி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோசைக்கு நான் வைக்கும் புளிமிளகாய்க்கும் அவள் சொன்னது அச்சு அசலாக அதே வசனம்தான்!

"ஏட்டி, அந்தக் களவாணி என்கிட்டயும் இதையேதான் சொன்னா" என்றேன். "ஒன் உப்புமாவ எவ திம்பா? சுவத்துல அடிச்சா சுவரு பேந்துரும்!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் பேசிய முழுப் பேச்சு அதுதான். முதலில் சிரித்தது மேடம்தான். அப்புறம் எங்களுக்கும் அடக்கமுடியவில்லை. பண்ருட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். எட்டு மாதமாக ஆளாளுக்கு அதே புளுகை விட்டு, மூன்று பேர் கையாலும் வாங்கித் தின்றிருக்கிறாள், கழுதை!

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா தடதடவென்று மேலே வந்தார்.

"இன்னா கூத்து இது? செத்த பொண்ணுக்குப் படையலு வச்சிக்கினு இப்டியா சிரிப்பீங்க? அக்கம்பக்கத்துல இன்னா நெனப்பாங்க?"

மேடம் விஷயத்தை விளக்கினார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப என் கருவாட்டுக் கொழம்புக்கு ஈடே இல்லன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணிச்சே, அது? கிண்ணம் கிண்ணமா வாங்கினு போச்சேம்மா!"

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கீழே போய் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்து அவர் கையாலேயே இலையில் ஊற்றினார். எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து மொட்டைமாடிச் சுவரில் வைத்துக் கூப்பிட்டோம். காக்கா வந்தது. கருவாட்டைத் தாண்டி, பலாக்கொட்டையைத் தாண்டி, நேரே உப்புமாவில் வாய் வைத்தது.

"அவளேதான்!" என்றாள் பண்ருட்டி. "அதைத் தின்ன வேற யாருக்கு மனசு வரும்?"

பஸ் நேரமாகிவிட்டது. தேனி தலைகால் புரியாமல் பெருமையடித்துக்கொண்டு முன்னால் நடக்க, பண்ருட்டி விடாமல் அவளோடு மல்லுக்கு நிற்க, நான் அந்தப் பேச்சைக் கேட்டபடியே பின்னால் நடந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ரோடு. கால் அப்படியே நின்றுவிட்டது.

"கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார் மேடம்.

"கை வேண்டாம் மேடம்" என்றேன். கைகோத்துத்தானே அன்றைக்கும் கடந்தோம்.

"சரி, அப்ப இதை நீ பிடிச்சுக்கோ" என்று முந்தானையை நீட்டினார்.

முதலில் பாதி ரோடு. நடுவில் திட்டு மேல் ஏறி நின்றேன். லாரி போன காற்றில் உடம்பு ஆடியது. மேடம் அவசரப்படுத்தவே இல்லை. தேனியும் பண்ருட்டியும்கூடச் சண்டையை நிறுத்திவிட்டு எங்களோடு நின்றார்கள். "போலாம்" என்று நானே சொன்னேன். மிச்சப் பாதியையும் கடந்தோம்.

அந்தப் பக்கம் கால் வைத்ததும் அழுகை வந்தது. அவள் போன பிறகு நான் அழுதது அப்போதுதான். ரோட்டோரம், யூனிபாரத்தோடு, ஊரே பார்க்க, "சாத்தூரு, சாத்தூரு" என்று வாய்விட்டு அழுதேன். கம்பெனி பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் வண்டியை நிறுத்திவைத்திருந்தார். "மெதுவா ஏறும்மா" என்றார். முந்தானையை விட்டேன், ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மேடம் கசங்கிய சேலையை நீவிவிட்டுக்கொண்டு எங்களுக்குக் கையசைத்தார்.

அதன் பிறகு ஐந்து வருடம் அந்த ரோட்டைத் தினமும் கடந்தேன். பயம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் சாத்தூர்க்காரியை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அந்த லாரியை முந்திக்கொண்டு தேனியின் உப்புமாதான் வந்து நிற்கிறது. அந்த மேடம் எனக்குச் செய்த உபகாரம் அதுதான்.