தட்டில் காணாத காய்

என் தங்கை சந்தனம்மாள் ஜெயித்த காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்போடு நின்றவள், படித்த ஆறு பேர் கேட்ட சமையல் வேலையைக் கம்பத்தை அடுத்த கூடலூர்ப் பிள்ளைகள் விடுதியில் வாங்கினாள். வலது மணிக்கட்டு ஒடிந்து கோணலாகக் கூடிய பிறகும் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குத் தனியாளாகச் சமைத்தாள். காய் என்றால் முகத்தைத் திருப்பும் அந்த நாற்பத்திரண்டு பேரையும் தினமும் காய் தின்ன வைத்தாள். இந்த மூன்றாவதற்காகத்தான் அவளைத் திருடி என்றார்கள்.

விடுதிப் பிள்ளைகளின் தாய் தகப்பன் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலைக்குப் போகிறவர்கள். விடுதியை நடத்துவது ஊர்க் கமிட்டி. காய்களை விவசாயிகள் இனாமாகக் கொடுப்பார்கள். பிள்ளைகளோ சாம்பாரை விரலால் துழாவி, கிடைத்த காயையெல்லாம் தட்டோரம் ஒதுக்குவார்கள்.

2024 பொங்கல் முடிந்து விடுதி திறந்ததும் சந்தனம்மாள் முறையை மாற்றினாள். பூசணியையும் கேரட்டையும் பருப்போடு சேர்த்துக் குழைய மசித்தாள். சுரைக்காயைத் துருவிச் சப்பாத்தி மாவில் பிசைந்தாள். பீர்க்கங்காய் தோலோடு துவையலானது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளைகளுக்குப் பசி கொல்லும். அந்த நேரம் பார்த்து வெள்ளரிக்காயை நீளமாக நறுக்கி, உப்பு தூவி, தாம்பாளத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். தின்னச் சொல்லவே மாட்டாள். பத்து நிமிஷத்தில் தாம்பாளம் காலி.

மார்ச் 9 சனிக்கிழமை, கமிட்டிச் செயலாளர் பாண்டியராஜன் தன் தோட்டத்துப் பூசணி பன்னிரண்டு கிலோ கொடுத்தார். மறுநாள் மத்தியானம் வந்து எல்லாத் தட்டையும் பார்த்தார். ஒரு துண்டு இல்லை. ஏற்கெனவே ஒரு மொட்டைக் கடுதாசியும் அவருக்கு வந்திருந்தது. காய் களவு போகிறது, அடுத்த ஞாயிறு விசாரணை என்றார்.

கம்பம் காய்கறிக் கமிஷன் கடையில் இருபத்திரண்டு வருஷமாக எடை போடுகிறேன். என் கண் எப்போதும் அடுத்தவர் பையின் மேல்தான் இருக்கும். விடுதி வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டேன், பால்காரரைச் சந்தேகப்பட்டேன். மறைக்க மாட்டேன், அவளையும் சந்தேகப்பட்டேன். திங்கட்கிழமை என் வீட்டுக்கு வந்தவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவள் பையைத் திறந்து பார்த்தேன். பிரஷர் மாத்திரையும், பித்தான் அறுந்த பிள்ளைச் சட்டை இரண்டும் இருந்தன.

"பூசணிக்கா எங்கன போச்சு, ஆத்தா?"

"புள்ளைக வயித்துக்குள்ள." அரைத்தது, துருவியது எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதக் கமிட்டில சொல்ல வேண்டியதுதான?"

"கூட்டம் நடக்கறது சாப்பாட்டுக் கூடத்துல. சன்னல்ல புள்ளைக காது இருக்கும். தெரிஞ்சுச்சு, நாளைலருந்து பருப்பயும் துழாவ ஆரம்பிச்சிருவாக. நீயும் வாயத் தொறக்காதண்ணே."

"வேலைய விட்டுத் தூக்கிருவாகளே."

"தூக்குனா களையெடுக்கப் போறேன்."

அந்தக் கையை வைத்துக்கொண்டு களை எடுக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, நானும் போயிருந்த கூட்டத்தில், செயலாளர் கடுதாசியை வாசித்தார். பொங்கலில் இருந்து விடுதியில் காயே போடுவதில்லை என்று இருந்தது. யார் எழுதியது என்று கேட்டதும் விடுதிக்குப் பின்னால் ஆடு வளர்க்கும் ஜக்கம்மா எழுந்தாள். "நான்தான் எழுதச் சொன்னேன். இதுல என்ன பயம்?"

நான் கேட்டேன். "நீ இங்கன வந்து சாப்புட்டியாக்கும்?"

"நான் எதுக்குச் சாப்புடறேன்? தட்டுக் கழுவுற வாளிய ஆட்டுக்குக் கொண்டு போவேன். முன்னாடி பாதி வாளி காயாக் கெடக்கும். இப்ப வெறுந் தண்ணி. ஆடு மோந்து பாத்துட்டு என்னய மொறைக்குது."

"வாளியில அம்புட்டுக் காய் எப்படி வந்துச்சு?"

"புள்ளைக ஒதுக்குனதுதான்."

"இப்ப ஏன் ஒதுக்கல?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "ஆட்டுக்குத்தான் நட்டம் போல."

செயலாளர் என் தங்கையைப் பார்த்தார். அவள் சன்னல் பக்கம் கண்ணைக் காட்டி, வாயில் விரலை வைத்தாள். அன்று காலையும் பூசணி அனுப்பியிருந்த அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்க் கரண்டியில் சாம்பாரை எடுத்து நக்கிப் பார்த்தார். இரண்டாவது கரண்டியும் எடுத்தார். திரும்பி வந்தவர் என் காதோரம் குனிந்து, "என் தோட்டத்துப் பூசணி எனக்குத் தெரியாதாய்யா" என்றார்.

வாய்ச்சொல்லை நான் நம்புகிறவன் இல்லை. புகார் பொய், சந்தனம்மாளே சமையலில் தொடர்வாள் என்று கமிட்டி நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்து, மைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"பெருவெரல வச்சா குத்தத்த ஒத்துக்கிட்டவ மாதிரி இருக்குங்கய்யா. ரெண்டு வாரம் பொறுங்க. அந்த எடத்த அப்படியே விட்டு வைங்க."

அன்றைக்கே ஏழு எழுத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் எழுதிப் பழகினாள். மணிக்கட்டு வலித்தால் வெந்நீரில் நனைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். தாள்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன், முப்பத்தெட்டு.

விட்டு வைத்த இடத்தில் சந்தனம்மாள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை.