வலிக்கு நம்பர் கேட்ட சிஸ்டர்

வேலூர் ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு, மத்தியான நேரம்...

(நான் வாயால சொல்றேன், மருமக டைப் பண்றா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா எதுவும் மறக்காது!)

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் நடந்தது. ஆம்பூர்ல தோல் பதப்படுத்தற டேனரில ஈரத்தோல் கட்டு சரிஞ்சு என் கால் மேல விழுந்துடுச்சு. முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சு, மாவுக்கட்டு போட்டிருந்தாங்க.

கட்டுக்குள்ள கால் வெடிச்சிடும் போல இருக்கு!

சின்ன வயசு சிஸ்டர் ஒருத்தங்க வந்தாங்க.

"ஐயா, வலி எவ்ளோ இருக்கு? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஒண்ணு சிஸ்டர்!"

எழுதிக்கிட்டுப் போய்ட்டாங்க.

டேனரில எனக்குத் தோல் தரம் பிரிக்கிற வேலை. அங்க ஒண்ணாம் நம்பர்னா உசத்தி. நம்பர் ஏற ஏற மட்டம். இதுக்கு மேல வலியே இல்லன்னு தான் ஒண்ணு சொன்னேன்!

பக்கத்து பெட்ல பேரணாம்பட்டு பாய். "பத்து சிஸ்டர், பத்து!"ன்னு கத்தறாரு.

(பத்தாம் நம்பர் கழிசல் வலிக்கு இன்னா கூச்சல் இதுன்னு நெனச்சேன்!)

ஊசி அவருக்குப் போட்டாங்க. எனக்கு இல்ல!

என் வீட்டுக்காரி ஓடினா. "சிஸ்டர், அவரு பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கறாரு. வந்து பாருங்க."

"அவரே ஒண்ணுன்றாரும்மா. நீங்க தான் பேஜார் ஆவுறீங்க. ஆம்பள, தாங்குவாரு."

சாயங்காலம் கால் விரல் மரத்துப் போச்சு. வெளுத்து, ஜில்லுன்னு ஆயிடுச்சு. அவ தேய்ச்சிக்கிட்டே அழுவுறா.

"ஏங்க, காலை எடுத்துருவாங்களா?"

நான் கட்டில் கம்பியைப் பிடிச்சிக்கிட்டேன்.

டூட்டி மாறி பெரிய சிஸ்டர் வந்தாங்க. சீட்டைப் பார்த்தாங்க. என் மூஞ்சியைப் பார்த்தாங்க. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்ச கையைப் பார்த்தாங்க.

கால் கட்டை விரலை லேசா நிமித்தினாங்க. மரத்த விரல் தான், ஆனா கட்டுக்குள்ள கெண்டைக்கால் சுண்டி இழுத்துச்சு. நான் போட்ட சத்தத்துல பாய் எழுந்து உக்காந்துட்டாரு!

"இதுவா ஒண்ணு?"

"ஃபர்ஸ்ட் கிரேடு சிஸ்டர்! இதுக்கு மேல சரக்கே கெடையாது!"

ஒரு நிமிசம் முழிச்சாங்க. அப்புறம் ஓடினாங்க பாருங்க! டாக்டர் வந்து கட்டை வெட்டிப் பிரிச்சாரு. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கால் போயிருக்கும்"னாரு.

மறுநாள் காலைல அந்தச் சின்ன சிஸ்டர் வந்தாங்க. கண்ணு வீங்கி இருந்துச்சு.

"ஐயா, பத்துன்னா ஜாஸ்தி, ஒண்ணுன்னா கம்மி. இப்ப எவ்ளோ?"

"மூணும்மா."

எழுதல. பேனாவைக் கையில வெச்சிக்கிட்டே என் மூஞ்சியைப் பார்த்தாங்க.

"நெஜமாவா ஐயா?"

நர்ஸ் வேலை பாக்கறவங்க சொல்லுங்க, உங்ககிட்ட ஒருத்தர் "ஒண்ணு"ன்னா நீங்க நம்புவீங்களா?