தங்கையின் பிறந்த தேதியை மாற்றிய என் ப்ரோகிராம்

இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. இன்டர்நெட்டில் வரன் தேடுவது புதிதாக இருந்த காலம். பெங்களூரில் அப்படியொரு வெப்சைட்டுக்கு ப்ரோகிராம் எழுதினேன். "எந்த நேரமானாலும் பார்க்கிறவங்க நாட்டு நேரத்துக்கு மாத்திக் காட்டணும்" என்றார் மேனேஜர். "பிறந்த நேரத்தையுமா சார்?" என்று கேட்டேன். "எல்லாம்னா எல்லாந்தான்" என்றார். அவர் சொன்னபடியே எழுதினேன்.

அதிலேயே என் தங்கையின் விவரத்தையும் போட்டோம். அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்தவள். அவளுக்குப் பார்த்த, அமெரிக்காவில் இருந்த ஒரு மாப்பிள்ளைக்கு அது முந்தைய நாள் மாலை என்று காட்டியிருக்கிறது. நாங்கள் அனுப்பிய ஜாதகத்திலோ மறுநாள் தேதி. "பொறந்த தேதியையே மாத்திச் சொல்ற குடும்பம் எங்களுக்கு வேணாம்" என்று மாப்பிள்ளையின் அப்பா போனை வைத்துவிட்டார்.

மேனேஜரிடம் கொதித்தேன். "எழுதினது நீதானப்பா" என்றார். அதுதான் சுட்டது.

இப்போதெல்லாம் பிறந்த நேரத்தைக் கொடுத்தபடியே காட்டுகிறேன். யார் சொன்னாலும் மாற்றுவதில்லை. என் தங்கை பிறந்தது பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில், அமெரிக்காவில் அல்ல.