எலுமிச்சை வாசம்

அரசு உரிமத்தோடு கஞ்சா பயிரிடுகிற ரீஃப் மலையில் ஹம்முவின் மூக்கை மெச்சாதவர்கள் இல்லை. கஞ்சா இலையைக் கசக்கி ஒருமுறை முகர்ந்தால் போதும், எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவான். அவன் மனதை மட்டும் யாரும் மெச்சியதில்லை. சொந்த நிழலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஆள்.

நாட்டு விதைக்கு மிளகும் பைன் பிசினும் கலந்த வாசம். புகைத்தவனை அமைதியாக உட்கார வைக்கும் என்பார்கள். வெளிநாட்டு விதையிலோ எலுமிச்சைத் தோலில் இருக்கிற அதே எண்ணெய். அதைப் புகைத்தவன் ஓயாமல் பேசுவானாம். கூட்டுறவுச் சங்கம் நாட்டுச் சரக்கை மட்டும்தான் எடுக்கும். கலப்பு செய்தவனுக்கு உரிமச் சீட்டு போய்விடும்.

அந்தக் கோடையில் ஹம்முவின் வயலிலேயே எலுமிச்சை மணத்தது. குளிர்காலத்தில் விதைமூட்டை இருந்தது அக்கா யமீனா வீட்டில். வேறென்ன வேண்டும்? நேரே சங்கத்துக்குப் போய், விதையை மாற்றிவிட்டாள் என்று புகார் கொடுத்துவிட்டு வந்தான்.

சேதி கேட்டு யமீனா வயலுக்கே வந்தாள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள்.

"போன வருஷம் உன் மொட்டை மாடியில தகர டப்பாவுல மூணு வெளிநாட்டுச் செடி வச்சிருந்தியே, ஞாபகம் இருக்கா?"

"அது சும்மா ஆசைக்கு வச்சதுக்கா."

"அதுல ஒண்ணு ஆண் செடி. பிடுங்குடான்னேன், கேட்டியா? மகரந்தம் காத்துல பறந்து உன் வயல்லதான் விழுந்திருக்கு. அதுல வந்த விதையைத்தான் இந்த வருஷம் விதைச்சிருக்க. பெரிய மூக்குக்காரன்!"

அதற்குள் சங்கச் செயலாளர் இத்ரீஸ் வந்துவிட்டார்.

"யமீனாம்மா, விதையை மாத்துனது நீங்களா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் செருப்பைப் பார்த்தான்.

"ஆமா, நான்தான்."

இத்ரீஸ் அங்கேயே அவளுடைய சீட்டை வாங்கிக்கொண்டு போனார். ஹம்மு வாயே திறக்கவில்லை, பாவி.

"உன் வீட்டுல அஞ்சு பேரு சாப்பிடணும். எனக்கு இருக்கிறது ஒரு வயிறு" என்றாள் யமீனா. கையை மேலாடையில் துடைத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.

அவள் மறைகிற வரை ஹம்மு பார்த்துக்கொண்டே நின்றான். கண் கலங்கத்தான் செய்தது. ஆனாலும் இதில் இவளுக்கு என்ன லாபம் என்றுதான் யோசித்தான்.